குறிஞ்சிப்பாடி முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர விருப்பம், எங்கிருந்து தொடங்குவது?

மஞ்சக்குப்பம்_மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பி.காம். படித்தவள், பத்தாம் வகுப்பு வரை கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தர வரும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நேரம் இருக்கிறது, ஞாயிறு முழுக்க இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து ரயிலில் வந்துபோகும் ஓர் அக்கா, அங்கே உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைப் பற்றி அடிக்கடி பேசுவார். முகாமில் இருக்கும் ஒரு அம்மாவிடம்தான் அவர் ரவிக்கை தைக்கக் கொடுப்பார். அந்த அம்மாவுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். மூளை முடக்குவாதம், சி.பி. என்கிறார்கள். பேச்சு வரவில்லை, தானாக உட்கார முடியாது. பள்ளியில் பெயர் இருக்கிறதாம், ஆனால் பையன் வீட்டிலேயேதான் கிடக்கிறான். "டீச்சர் எப்பவாவது வந்து பார்த்துட்டுப் போவாங்க" என்று அந்த அம்மா சொன்னாராம். இதைக் கேட்டதிலிருந்து மனது கேட்கவில்லை, ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

என் கேள்விகள் இவை. முகாமுக்கு நேராகப் போய் "நான் பாடம் எடுக்கிறேன்" என்று சொல்லலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா? உண்மையில் எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு ஆள் தேவைப்படுகிறது? அந்தப் பையனுக்கு எந்தப் பயிற்சியும் இல்லாத என்னால் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை தள்ளி நிற்பதுதான் நல்லதா? என் தோழிகள் சிலர் பணம் சேர்த்து நோட்டு, ஸ்கூல் பேக் வாங்கி ஒரு நாள் விழா மாதிரி வைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். அது பயன்படுமா என்றும் சொல்லுங்கள். இதில் அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதை அப்படியே எழுதலாம், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

---

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் பிறந்ததே முகாமில்தான். அம்மாவும் அப்பாவும் 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து கடலூர் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். நான் டிகிரி முடித்துவிட்டுப் பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், மாலையில் முகாம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேராக வர வேண்டாம். முகாம்கள் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன, அதற்கு மேல் சென்னையில் மறுவாழ்வு மற்றும் வெளிநாடு வாழ் தமிழர் நல ஆணையரகம் இருக்கிறது. தொடர்ந்து வந்து வகுப்பு எடுப்பதென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள், அது உங்கள் மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறது. யார், என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன பாடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆதார் நகல் வைத்துக் கொடுங்கள். அப்புறம் முகாம் தலைவரைப் பாருங்கள். முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவுப் போலீசார் உங்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அனுமதி இல்லாமல் ஒருவர் வந்துபோனால் அதற்கான கேள்வி அவரிடம் போகாது, தலைவரிடமும் என்னைப் போன்றவர்களிடமும்தான் வரும். தனியாக அலைய வேண்டாம் என்று நினைத்தால் ஏற்கெனவே முகாம்களில் வேலை செய்யும் அமைப்புகளோடு சேரலாம். எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது, நாங்கள் ஓஃபர் என்போம். இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பும் பல முகாம்களில் மாலை வகுப்பு நடத்துகிறது. இரண்டிலுமே பெரும்பாலும் முகாமில் படித்த பிள்ளைகள்தான் வகுப்பு எடுப்பார்கள். அவர்களுக்குத் துணையாக வாருங்கள். வகுப்பையே நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு நடத்தினால், நீங்கள் வராத வாரம் அது நின்றுவிடும்.

என்ன பாடம் என்று கேட்டீர்கள். இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. முதலாவது, மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை. என்னிடம் வரும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தமிழ்ப் பாடத்தை மளமளவென்று வாசிப்பாள். "விரலை வைத்து வாசி" என்றால் வாய் முன்னால் ஓடும், விரல் இரண்டு சொல் பின்னால் கிடக்கும். முழுக்க மனப்பாடம். அதே பாடத்தில் உள்ள சொற்களைத் துண்டுத் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டேன், 'மரம்' என்பதை எடுத்தாள், 'மருந்து' என்பதை 'மரம்' என்றே வாசித்தாள். உகரக் குறி அவள் கண்ணில் இன்னும் ஏறவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை, நன்றாக வாசிக்கிற பிள்ளை என்றுதான் தோன்றும். இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு வாரம் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான். பி.எட். எல்லாம் தேவையில்லை.

இரண்டாவது ஓட்டை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில். பையன்கள் அந்த வயதில்தான் பெயிண்டிங் வேலைக்குக் கழன்றுகொள்வார்கள். அன்றன்றைக்குக் கூலி கையில் வருகிறது. இன்ஜினியரிங் முடித்த அண்ணனும் அதே சாரத்தில் நின்று சுவருக்கு வண்ணம் அடிப்பதை அவன் தினமும் பார்க்கிறான், இயற்கணிதம் எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இந்த மண்ணில் பிறந்திருந்தாலும் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்பு மட்டும் வைத்துக் குடியுரிமை கிடையாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2019 திருத்தத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. அதனால் அரசு வேலை என்ற ஆசையைக் காட்டி இந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது, பொய்யும் சொல்லக் கூடாது. உங்களைப் போல ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் வந்து கணக்கு எழுதும் மென்பொருளான டேலி என்றால் என்ன, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எப்படிப் போடுவது, இதைத் தெரிந்தவனுக்குத் தனியார் இடத்தில் என்ன சம்பளம் என்று காட்டினால் அது நான் சொல்லும் நூறு வார்த்தைக்கு மேல் வேலை செய்யும். கணக்கு வகுப்போடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதுதான் பெரிய ஆசை.

பை, நோட்டு வேண்டாம். அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, பை, சீருடை எல்லாம் விலையில்லாமல் வருகிறது. பேனர் கட்டி, வரிசையில் நிற்க வைத்து, ஒரு கையில் பையும் மறு கையில் பிஸ்கட்டுமாகப் போட்டோ எடுப்பதைப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் அந்த வரிசைக்கு வருவதே இல்லை, அம்மாக்கள்தான் திட்டி அனுப்புவார்கள். உங்கள் தோழிகளின் பணத்தை வகுப்பு நடக்கும் இடத்துக்கு ஒரு நல்ல விளக்கும் கரும்பலகையும் வாங்கக் கொடுக்கலாம். கொடுத்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, பிள்ளைகளிடம் சண்டையைப் பற்றி, படகைப் பற்றிக் கேட்காதீர்கள். 83இல், 90இல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எந்த ஊர் என்று கேட்டால் குறிஞ்சிப்பாடி என்பார்கள், அதோடு விட்டுவிடுங்கள். பாட்டிமார் தாங்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

---

நெல்லிக்குப்பம்_குமார் எழுதியது:

நல்ல எண்ணம்தான், குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2015 மழையில் குறிஞ்சிப்பாடி வட்டாரம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் கரையோரப் பிள்ளைகள் புத்தகப் பையை எடுக்க நேரமில்லாமல் ஓடினார்கள். அவர்களும் கூலி வீட்டுப் பிள்ளைகள்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் முகாமுக்குள் மட்டும் வகுப்பு வைத்தால், அடுத்த தெருப் பிள்ளை வெளியே நின்று எட்டிப் பார்க்கும். அது இரண்டு பக்கமும் மனக்கசப்பைத்தானே வளர்க்கும்?

---

மாலைவகுப்பு எழுதியது:

குமார் அண்ணா, நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டு இருக்கிறேன். பகலில் ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகள், மாலை ஆனதும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறார்கள். எங்கள் வகுப்பு முகாமுக்குள் நடப்பதற்குக் காரணம் இடம் அங்கே கிடைத்தது என்பது மட்டும்தான். பள்ளித் தாழ்வாரத்திலோ ஊர் நூலகத்திலோ நடத்தினால் இருபக்கப் பிள்ளைகளும் வரலாம். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இது தானாகவே நடந்தது. தன்னார்வலர் வீட்டுத் திண்ணைக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அந்தப் பிள்ளைகள் வந்தார்கள், முகாம், ஊர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால் முகாம் பிள்ளைக்கு மட்டும் உள்ள சங்கடமும் சில இருக்கிறது. ஒரு பள்ளியில் நானே நின்று பார்த்தது, ஏதோ படிவம் நிரப்ப வேண்டும் என்று ஆசிரியர் வகுப்பு நடுவில் "முகாம் பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்றார். அவர் நல்லவர், அவசரத்தில் சொன்னார். எழுந்து நின்ற ஏழு பேரில் ஒரு பையன், காலையில் புதிதாகச் சேர்ந்த நண்பனின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்று முதல் அவனுக்கு வகுப்பில் பெயர் போய் 'முகாம்' என்றே ஆகிவிட்டது. தன்னார்வலராக வருகிறவர் தலைமை ஆசிரியரிடம் பக்குவமாகப் பேசி, இந்த மாதிரிப் படிவ வேலையைத் தனியாகக் கூப்பிட்டு முடிக்கச் சொல்லலாம். நாங்கள் சொன்னால் புகார் மாதிரி ஆகிவிடுகிறது.

ஆகவே வகுப்பை முகாமுக்கு வெளியே, எல்லோருக்குமாக வைக்க இடம் கிடைத்தால் எனக்கு முழுச் சம்மதம். உங்கள் ஊர்க்காரர் யாராவது குறிஞ்சிப்பாடி நூலகத்தில் பேசிப் பார்க்க முடியுமா அண்ணா?

---

வட்டார_டீச்சர் எழுதியது:

கண்ணு, அந்தப் பையனைப் பற்றி நான் சொல்கிறேன். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தள்ளி நிற்காதே, ஆனால் வைத்தியம் பார்க்கவும் போகாதே.

முதலில் சட்டம், ஏனென்றால் அந்த அம்மா நிச்சயமாகத் தயங்குவார், முகாமில் இருக்கிற நமக்கு இதையெல்லாம் கேட்க உரிமை உண்டா என்று. உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது, குடியுரிமை கேட்கவில்லை. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றெல்லாம் சொல்லிச் சேர்க்கையை மறுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்கிறது, பக்கத்துப் பள்ளியிலும் படிக்கலாம், பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலும் படிக்கலாம்.

இந்தப் பையன் வீட்டுவழிக் கல்வியில் இருக்கிறான் என்று நினைக்கிறேன். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக 2012இல் சட்டத் திருத்தம் செய்து கொடுத்த வழி அது. பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்குப் போவார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் பள்ளிக்கு வாரம் இரண்டு நாளாவது வரக்கூடிய பிள்ளையும் அதிலேயே தங்கிவிடுவதைப் பார்த்து நான் வேதனைப்பட்டிருக்கிறேன். பதிவேட்டில் பெயர் இருக்கும், தேர்ச்சியும் ஆகிக்கொண்டே போகும், அவன் வகுப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு அவன் முகம்கூடத் தெரியாது. அப்படி இருந்தால் அதை எப்படிப் பள்ளிப் படிப்பு என்று சொல்வது?

நீ முதலில் அந்த அம்மாவோடு பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பையனின் குறைபாடு சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேள். அந்த ஒரு கட்டம் நிரம்பாமல் போனால் போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி, உதவி உபகரணம் எதுவுமே அவன் பெயருக்கு வராது. அடுத்து குறிஞ்சிப்பாடி வட்டார வள மையத்துக்குப் போய் அந்தப் பள்ளிக்குரிய சிறப்புப் பயிற்றுநர் யார், தெரபி எந்தக் கிழமை, மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று கேட்டு எழுதிக்கொள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யுடிஐடி என்ற தேசிய அட்டை இல்லையென்றால் அந்த மருத்துவ முகாமிலேயே ஆரம்பிக்கலாம். இந்த அலைச்சலுக்கு அந்த அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தையல் கூலியை இழக்கிறார், அதனால்தான் பாதியில் விட்டிருப்பார். தாள்களை ஒரு கோப்பில் அடுக்கி, தேதி பார்த்து, கூடப் போய் வருகிற ஆள் ஒருவர் இருந்தாலே பாதி வேலை நடந்துவிடும். நீ ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவள், தாள் வேலை உனக்குக் கைவந்த கலை.

அப்புறம் உட்காருவது. சி.பி. உள்ள பிள்ளையை மடியிலோ பாயிலோதான் வைத்திருப்பார்கள், படுத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால் கூரைதான் தெரியும். சாதாரண நாற்காலியில் இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வை, இடுப்பில் அகலமான துணிப்பட்டை, பாதம் தொங்காமல் கீழே ஒரு பலகை, முன்னால் வயிற்றுப் பக்கம் வளைவாக வெட்டிய மேசைப் பலகை என்று ஒரு தச்சரை வைத்தே செய்துவிடலாம். அளவை மட்டும் இயன்முறை மருத்துவர் சொல்ல வேண்டும், நீயாகச் செய்யாதே, கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சியும் கொடுக்காதே. நான் பார்த்த ஒரு சிறுமி அப்படி நிமிர்ந்து உட்கார்ந்த முதல் வாரமே, கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ் போகிற பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனாள். அதுவரை அவளுக்குப் பார்வையே சரியில்லை என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.

பேச்சு வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தமில்லை. 'ஆமாம்' என்பதற்கு மேலே பார்ப்பான், 'இல்லை' என்பதற்குக் கண்ணை மூடுவான், இப்படி ஏதோ ஒன்று ஏற்கெனவே அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும். அதைத் தாயிடம் கற்றுக்கொள். தண்ணீர், போதும், வலிக்கிறது, கழிப்பறை என்று நான்கு படங்களை அட்டையில் ஒட்டி அதிலிருந்து ஆரம்பி. கழிப்பறை என்று ஏன் சேர்த்தேன் என்றால், இப்படிப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சாய்தளம் கட்டியிருப்பார்கள், கழிப்பறையில் சக்கர நாற்காலி வைக்கத்தான் இடம் இருக்காது. பதினோரு மணிக்குத் தாய் வந்து தூக்கிப் போக வேண்டும். அதை முதலில் கேள்.

உன் ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்காகச் செய்யக்கூடியது, அவன் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரை அந்த வீட்டு வாசலுக்கு வரவழைத்து எல்லோரோடும் சேர்த்துக் கதை வாசிப்பது. குமார் தம்பி சொன்ன ஊர்ப் பிள்ளைகளும் வரட்டும். அவர்களுக்கு அவன் கண் பாஷை பழகிவிட்டால், பள்ளிக்கு அவன் வரும் நாளில் ஆசிரியருக்கே இவர்கள் விளக்கிச் சொல்வார்கள்.

மாலைவகுப்புத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. 'மருந்து', 'மரம்' என்று குழம்பும் அந்தப் பிள்ளையின் கண்ணையும் காதையும் பள்ளி மருத்துவக் குழு வரும்போது பார்த்துவிடுங்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளைகள் பலர் மந்தம் என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் இருப்பார்கள். கண்ணும் காதும் சரி, இருந்தும் ஏறவில்லை என்றால் கற்றல் குறைபாடா என்று பயிற்றுநர் பார்க்கட்டும். சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. தேர்வு நெருங்கும்போது ஓடினால் கிடைக்காது.

---

ஈசிஆர்_பயணி எழுதியது:

நான் புதுச்சேரி லாஸ்பேட்டை. எங்களுக்குப் பக்கம் கீழ்ப்புதுப்பட்டு முகாம், ஈசிஆரில் அய்யனார் கோயில் இருக்கும் அதே ஊர். இங்கிருந்து யாராவது போக நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அது விழுப்புரம் மாவட்டம். அனுமதி விழுப்புரத்தில்தான் கேட்க வேண்டும், புதுச்சேரியில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். புத்தகமும் வேறு. எங்கள் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, முகாம் பிள்ளைகள் படிப்பது தமிழ்நாட்டுச் சமச்சீர் புத்தகம். இங்கிருந்து நல்ல மனதோடு மூட்டை மூட்டையாக என்சிஇஆர்டி கைடு கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன், அவை பரணில் கிடக்கின்றன.

2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது படகில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் மண்டபத்துக்கு வந்தவர்கள். இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு, அதாவது ஐந்தாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு இருந்த பிள்ளை, இங்கே வந்து ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தால் தமிழ் எழுத்து ஒன்றுதான், மற்றதெல்லாம் புதிது. அப்படிப்பட்டவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு வகுப்பு கீழே தள்ளிச் சேர்க்கச் சொன்னால் அதைக் காட்டிப் பேசலாம்.

தன்னார்வலர்களிடம் நான் கவலைப்படும் விஷயம் இன்னொன்று. கல்லூரி மாணவர்கள் குழுவாக வருவார்கள், வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளில் பெயர் கேட்டு, பெரியவன் ஆனதும் என்ன ஆவாய் என்று கேட்டு, அதே 'நவுன், வெர்ப்' நடத்துவார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் மட்டும் தலைகீழாகத் தெரியும், அடுத்தது எதுவும் தெரியாது. ஒரு ஆள், ஒரு பாடம், ஜூன் முதல் ஏப்ரல் வரை. முடியாது என்றால் முதலிலேயே குறைந்த பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதை எங்கே நிறுத்தினார்கள் என்று ஒரு நோட்டு அங்கேயே இருக்கட்டும்.

பாதுகாப்பும் முக்கியம். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம், இன்னொரு பெரியவர் கண்ணில் படுகிற இடத்தில் வகுப்பு நடக்கட்டும். 2012 போக்சோ சட்டப்படி ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் அதைச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் லேப்டாப்போடு இரண்டு பேர் தேவைப்படுவார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் குடியுரிமை, சாதிச் சான்று என்ற கட்டங்கள் வந்தவுடன் பிள்ளைகள் பயந்து பாதியில் மூடிவிடுகிறார்கள். பிரவுசிங் சென்டரில் அவசரமாகத் தப்பாக நிரப்பிக் கொடுத்து, பிறகு திருத்த முடியாமல் ஒரு வருடம் வீணானவர்களும் உண்டு. அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் வரக்கூடியவர்கள் இங்கே இருந்தால் பதில் போடுங்கள், சேர்ந்து போவோம்.

---

மஞ்சக்குப்பம்_மகள் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. தோழிகளிடம் பேசிவிட்டேன், விழா யோசனையை விட்டாயிற்று. அந்தப் பணத்தை டீச்சரம்மா சொன்ன நாற்காலிக்கும் மேசைப் பலகைக்கும் வைத்துக்கொள்கிறோம், இயன்முறை மருத்துவர் அளவு சொன்ன பிறகு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். அனுமதி வருவதற்குள் பையனின் அம்மாவை எங்கள் அக்கா வீட்டில் சந்தித்து, அவருக்கு இதெல்லாம் விருப்பமா என்று கேட்டுவிடுகிறேன். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டேன்.

மாலைவகுப்பு அண்ணா, நான் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் சொன்ன அந்த நாலாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு மாதம் இரண்டு ஞாயிறு. டேலி கற்றுக்கொடுக்க என் பழைய லேப்டாப் போதும். எந்த நேரத்துக்கு வந்தால் உங்களுக்கு வசதி?

---

நெல்லிக்குப்பம்_குமார் எழுதியது:

குறிஞ்சிப்பாடியில் என் மச்சான் நெசவு வேலையில் இருக்கிறார், நூலகருக்குப் பழக்கமானவர். ஞாயிறு மதியம் ஒரு அறை கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். நூலகம் இல்லையென்றால் நெசவாளர் சங்கக் கட்டடத்திலும் கேட்கலாம். அவர் பிள்ளைகள் இரண்டு பேரையும் அனுப்புவதாகச் சொன்னார்.

---

மாலைவகுப்பு எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. அறை கிடைத்தால் இரண்டு பக்கப் பெற்றோரையும் முதல் நாள் வரச் சொல்வோம், பெண்பிள்ளைகளை அனுப்ப அப்போதுதான் தயங்க மாட்டார்கள்.

தங்கச்சி, ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்னால் வேண்டாம், பிள்ளைகள் தண்ணீர் பிடிக்க, துணி துவைக்க என்று வீட்டு வேலையில் இருப்பார்கள். பதினொன்றிலிருந்து ஒன்று வரை சின்னப் பிள்ளைகள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பெயிண்டிங் வேலைக்குப் போகிற பையன்களுக்கும் ஞாயிறு மதியம்தான் ஓய்வு, அவர்களில் இரண்டு பேர் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கெட்டி அட்டையும் தடித்த ஸ்கெட்ச் பேனாவும் மட்டும் கொண்டுவாருங்கள், உகரக் குறி உள்ள சொற்களிலிருந்து ஆரம்பிப்போம்.